துரையின் சீட்டும் ஏஜென்டின் முற்பணமும்

வீட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் சப் ஏஜென்ட் தோட்டத்து லயத்துக்குள் எப்படி நுழைகிறார் என்று சென்ற வாரம் பார்த்தோம். அதைத் திரும்ப எழுத இடமில்லை. அப்படி அனுப்பப்பட்டு மீட்கப்பட்ட பிள்ளைகள் தங்கும் காப்பகங்களைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்த நேரத்தில் 'துண்டு' என்ற பழைய தோட்டக் கடன் சீட்டு குறுக்கே வந்துவிட்டது. வந்ததை விட மனமில்லை.

மாத்தளைக்கும் துண்டுக்கும் உள்ள உறவு பழையது. தமிழ்நாட்டிலிருந்து படகேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், தம்புள்ளைக் காடு கடந்து, நாலந்தை வழியாக நடந்து வந்து சேர்ந்த இடம் மாத்தளை. அங்கிருந்துதான் கோப்பித் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையை அடைந்த 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபயணம் அந்தத் தடத்தை நினைவுகூர்ந்தது. நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் கொலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தார்கள் என்பது நாம் அறிந்ததுதான். பிழைத்தவர்களின் தலையில் அதற்குள் ஒரு கணக்கு ஏறியிருந்ததைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. படகுக் கூலி, வழிச்சோறு, போர்த்திக்கொள்ளக் கொடுத்த கம்பளி எல்லாம் கடன். தன்னைக் கூட்டிவந்த செலவைத் தானே கட்ட வேண்டும்!

அந்தக் கடன் காகிதத்தில் ஏறினால் அதுதான் துண்டு. தோட்டத்துத் துரை எழுதிக் கையெழுத்திடுவார். இந்தக் கங்காணியும் இத்தனை ஆட்களும் எனக்கு இவ்வளவு ரூபாய் பாக்கி, அதைக் கட்டுகிறவரிடம் இவர்களை விட்டுவிடுகிறேன் என்பதுதான் அதன் சாரம். ஆள் தேவைப்படும் இன்னொரு துரை பணத்தைக் கட்டுவார். பழைய துரைக்குப் பாக்கி தீர்ந்தது, தொழிலாளிக்குத் தீரவில்லை. அதே தொகை புதிய துரையின் பேரேட்டில் ஏறும், பல சமயம் கொஞ்சம் பெருத்து. தோட்டம் மாறும், துரை மாறுவார், கடன் மட்டும் கூடவே நடந்து வரும். துண்டு இல்லாமல் வந்தவனை அடுத்த தோட்டம் சேர்த்துக்கொள்ளாது. சொல்லாமல் விலகினாலோ 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருந்தது, சிறைக்கு அனுப்ப.

இந்த இடத்தில் கங்காணியை மட்டும் வில்லனாக்குவது நம் கதைகளில் வழக்கம். துரைமாருக்கு அது மிகவும் வசதியான கதை. கங்காணியே செட்டியாரிடமும் தோட்டத்திடமும் வாங்கித்தான் ஆள் கட்டினான். ஆட்கள் வேலைக்கு இறங்கிய நாளெல்லாம் அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. அதனால் நோயாளியையும் மலைக்கு ஏற்றினான். நல்லவன் என்று சொல்லவரவில்லை. சங்கிலியின் நடுக் கண்ணியைக் காட்டிவிட்டு இரு முனைகளையும் மறைத்துவிடக் கூடாது என்கிறேன். சப் ஏஜென்டைப் பிடித்துக் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கும் நமக்கும் இது பொருந்தும்.

துண்டு 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இந்த வாரம் என்னைப் பிடித்து உட்காரவைத்தது அந்தச் சட்டத்தின் குறிதான்: அது கைவைத்தது கடனில். ஆளை விடுவித்துவிட்டுக் கடனை விட்டுவைத்தால் ஆள் திரும்பி வந்துவிடுவான் என்பது நூறு வருடங்களுக்கு முன்பே விளங்கியிருக்கிறது.

இன்றைய நிலைக்கு வருவோம். வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஏஜென்சி முன்கூட்டியே ஒரு தொகை கொடுக்கிறது. லயத்து வீட்டில் அது நுண்கடன் தவணைக்கும் கடைப் பற்றுக்கும் போய்விடும். அங்கே அடி, பட்டினி, சம்பளமில்லை என்று அந்தப் பெண் அழுதால், "கொடுத்த காசைக் கட்டு, டிக்கெட் செலவைக் கட்டு" என்பதுதான் பதில். கொழும்புக்குப் பங்களா வேலைக்கு அனுப்பப்படும் சின்னப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். முற்பணம் தாயின் கையில், பிள்ளை அந்த வீட்டில். 2021 ஜூலையில் கொழும்பில் தீக்காயங்களுடன் இறந்த டயகமச் சிறுமியை நினைத்துப் பாருங்கள். குடும்பக் கடனை அடைக்கத்தான் அவள் வேலைக்கு அனுப்பப்பட்டாள் என்று அப்போது செய்திகள் வந்தன. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டதும் அதே வருடம்தான்.

நம் சட்டத்துக்குக் கண் இல்லாமலில்லை. 2006ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் தண்டனைச் சட்டக்கோவையின் 360இ பிரிவு ஆட்கடத்தலுக்கு 2 முதல் 20 வருடம் வரை சிறை என்கிறது. பிள்ளை என்றால் குறைந்தது 3 வருடம். 358அ பிரிவு கடனால் கட்டிவைப்பதையே குற்றம் என்கிறது. பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து சாட்சியமாக ஏற்க 1999இலேயே வழி செய்தார்கள். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது, 2023இல் அதன் இடத்தில் புதியது வந்தது. நட்டஈட்டுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் வழக்கு முடியும்வரை வீட்டு வாசலில் வந்து நிற்கும் தவணைக்காரனுக்கு யார் பதில் சொல்வது?

பிள்ளையை மீட்டதும் பொலிஸ் சிறுவர் பெண்கள் பணியகம் வரும், நன்னடத்தை அலுவலர் வருவார், நீதிமன்றக் கட்டளையோடு காப்பகம் வரும். எல்லாம் வேண்டியவைதான். அவர்கள் எழுதும் குடும்ப அறிக்கையில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும்: இந்த வீட்டில் யாருக்கு எவ்வளவு பாக்கி, எதன் பெயரில்? முற்பணம் என்று எழுதப்பட்டது எதுவும் வசூலிக்கக் கூடாத கடன் என்று பிரதேச செயலகம் அந்தத் தாயிடம் வாயால் சொல்ல வேண்டும், முகவரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். ஆற்றுப்படுத்தல், தையல் பயிற்சி, பள்ளிக்கூடம் எல்லாம் அதற்கு அடுத்துத்தான். கடன் அப்படியே இருக்கும் வீட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளை ஆறு மாதத்தில் வேறொரு வேனில் ஏறும். அவள் இல்லாவிட்டால் தங்கச்சி.

காப்பகங்கள் அடுத்த வாரம், தவறாமல். அதுவரை ஒன்று: உங்கள் லயத்திலோ பக்கத்து வீட்டிலோ பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை வேலைக்கு அனுப்பப்பட்டிருப்பதாகச் சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள். உறுதியாகத் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்; விசாரிப்பது அவர்கள் வேலை.