இரும்புக் கை வேண்டுமா?

ஒரே குத்தில் சுவரை உடைக்கிற இயந்திரக் கை கிடைத்தால் பொருத்திக்கொள்வீர்களா? சட்டென்று தலையாட்டிவிடாதீர்கள்!

2011-ல் வந்த வீடியோ கேம் ‘டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்’. அதன் நாயகன் ஆடம் ஜென்சனுக்கு அப்படிப்பட்ட கைகள்தான். ஆனால் அந்த உலகத்தில், இயந்திர உறுப்பு பொருத்திக்கொண்ட சாதாரண மக்களின் பாடுதான் திண்டாட்டம். உடம்பு அதை ஒதுக்கித் தள்ளாமல் இருக்க, ‘நியூரோபோசின்’ என்ற மருந்தை வாழ்நாள் முழுக்க எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விலையோ எக்கச்சக்கம்! வாங்கக் காசில்லாமல் தவிப்பவர்களும் அதில் வருகிறார்கள்.

இந்தக் கற்பனைக்குள் ஓர் உண்மை இருக்கிறது. நிஜத்திலும், இயந்திரக் கையை எண்ணத்தால் இயக்க மூளைக்குள் மெல்லிய மின்முனையை வைத்தால், அதைச் சுற்றித் தழும்பு போலத் திசு வளர்கிறது. நாளாக நாளாக சிக்னல் மங்கலாம். விஞ்ஞானிகள் இன்றும் மல்லுக்கட்டுகிற சிக்கல் இது.

கேமிலோ, நியூரோபோசின் தேவைப்படாத அபூர்வ உடம்பு ஜென்சனுக்கு. நமக்கு அந்த வரம் கிடைக்குமா? அதனால் கையின் பலத்தைக் கேட்கும்போதே, மாதாமாதம் ஆகும் மருந்துச் செலவையும் கேட்டுவிடுங்கள்!