புற்றரை காத்தவர் மகன்

விளையாட்டைப் பொழுதுபோக்கெனக் கருதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியது. யாழ்ப்பாணக் கல்லூரி மைதானத்திற் கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமுங் கண்டு வளரும் வட்டுக்கோட்டைச் சிறுவனுக்கு, விளையாடியே உலை வைக்கும் மனிதர் உளர் என்பது வியப்பாகவே இருக்கும். கோல்ப் ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டோர் அத்தகைய மனிதர். அவர்களுட் புகழின் உச்சியில் நிற்கும் சிலரைப் பத்திரிகைகள் நமக்கு அறிமுகஞ் செய்கின்றன. ஆசிய நாடுகளில் ஊர் ஊராகச் சென்று ஆடிப் பிழைக்கும் பலரைப் பற்றி நாம் கேள்விப்படுவதில்லை. அவர்களின் வாழ்வை விளங்கிக்கொள்ளத் தக்க ஓர் எடுத்துக்காட்டாக, கல்கத்தாவைச் சேர்ந்த சிவ சங்கர் பிரசாத் சௌராசியாவைக் கொள்ளலாம்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைச் சிறிது கூறுதல் வேண்டும். பரந்த புல்வெளியிற் பதினெட்டுச் சிறு குழிகள் உள. பந்தை மட்டையால் அடித்து ஒவ்வொரு குழியிலும் வீழ்த்தல் வேண்டும். மொத்தத்தில் எவர் மிகக் குறைந்த அடிகளில் முடிக்கின்றாரோ அவரே வெற்றியாளர். தொழிலாட்டக்காரரின் போட்டி வழக்கமாக நான்கு நாட்கள் நடைபெறும். நாளொன்றுக்குப் பதினெட்டுக் குழிகள். நடை மட்டும் ஆறு ஏழு கிலோமீற்றருக்குக் குறையாது. இரண்டாம் நாள் மாலையில் ஒரு கோடு கிழிக்கப்படும். அக்கோட்டுக்கு மேலுள்ளோர் எஞ்சிய இரு நாட்களும் ஆடுவர். கீழுள்ளோர் வீடு திரும்ப வேண்டியதுதான். அவர்களுக்குப் பரிசுப் பணத்தில் ஒரு சதமுங் கிடையாது.

இவ்விடத்தை நேயர்கள் ஊன்றி நோக்குதல் நன்று. கிரிக்கெட் அணியில் இடம்பெற்றவருக்கு ஆட்டமிழந்தாலும் ஊதியமுண்டு. கோல்ப் ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் இல்லை. விமானக் கட்டணம், விடுதி வாடகை, உணவு, மட்டைப்பை சுமக்குந் துணையாளுக்குரிய கூலி ஆகிய யாவும் அவர் பொறுப்பே. ஆதரவளிக்கும் நிறுவனம் ஒன்று வாய்த்தாலன்றி, பாங்கொக்கிலோ மணிலாவிலோ இரண்டு நாள் ஆடித் தோற்றவர் கைப்பணத்தை இழந்தே மீள்கின்றார். மழையை நம்பிக் கடன்பட்டு விதைக்குங் கமக்காரனின் நிலையும் இதுவேயன்றோ! அவனுக்காவது நிலம் எஞ்சும்.

சௌராசியா 1978ஆம் ஆண்டு பிறந்தவர். அவருடைய தந்தையார் றோயல் கல்கத்தா கோல்ப் கழகத்திற் புற்றரையைப் பேணும் பணியாளர். 1829இல் நிறுவப்பட்ட அக்கழகம், பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே கோல்ப் ஆட்டத்துக்கென எழுந்த கழகங்களுள் மிகப் பழையது. செல்வருக்கும் அதிகாரிகளுக்குமென அமைந்த அவ்விடத்திலே, புல் வெட்டுபவரின் மகன் கண்ணாற் கண்டதைக் கையாற் பழகினார். முறையான ஆசிரியர் எவரும் அவருக்கு வாய்த்திலர். பந்தை நெடுந்தூரம் அடிக்கும் உடல்வலி அவருக்கு இல்லை. ஆனால் குழிக்கு அண்மையில் நின்று மெல்லத் தட்டும் நுட்பத்தில் அவர் நிகரற்றவரானார். உடன் ஆடுவோர் அத்திறமையைக் கொண்டே அவருக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டினர். 1997இல் அவர் தொழிலாட்டக்காரரானார்.

இந்தியாவின் தலையாய போட்டி இந்தியத் திறந்த போட்டியாகும். 1999இல், இருபத்தோரு வயதில், அதில் அவர் இரண்டாம் இடம் பெற்றார். அர்ஜுன் அத்வால் வென்றார். 2006இல் மீண்டும் இரண்டாம் இடம். சமநிலை முறிக்கும் மேலதிக ஆட்டத்தில் ஜோதி ரந்தாவா வென்றார். 2013இல் வங்காளதேசத்தின் சித்திக்குர் ரகுமான் வெல்ல, சௌராசியாவுக்கு அதே இரண்டாம் இடமே வாய்த்தது. (சித்திக்குரும் கோல்ப் மைதானத்திற் பந்து பொறுக்கிய சிறுவரே என்பது குறிப்பிடத்தக்கது.) 2015இல் மூன்று நாட்கள் முன்னணியில் நின்றும், இறுதி நாளில் தளர்ந்து, மேலதிக ஆட்டத்தில் அனிர்பான் லாகிரியிடம் வெற்றியை இழந்தார். பதினாறு ஆண்டுகளில் நான்கு முறை வாயிலளவில் வந்து திரும்புதல் எவருக்கும் எளிதன்று.

இதற்கிடையில் 2008ஆம் ஆண்டு பெப்ரவரியில் நிகழ்ந்ததை மறத்தலாகாது. டில்லி கோல்ப் கழகத்தில், ஐரோப்பியச் சுற்றும் ஆசியச் சுற்றும் இணைந்து இந்திய மாஸ்டர்ஸ் போட்டியை நடத்தின. மொத்தப் பரிசு இருபத்தைந்து இலட்சம் அமெரிக்க டொலர். தென்னாபிரிக்காவின் எர்னி எல்ஸ் போன்ற பெரியோர் வந்திருந்தனர். டில்லி மைதானமோ ஒடுங்கிய பாதைகளை உடையது. இரு மருங்கிலும் அடர்ந்த புதர். வலிமை காட்டுவோரை அது தண்டிக்கும், அடக்கமாய் ஆடுவோரை வாழ வைக்கும். சௌராசியா வென்றார். பரிசில் ஆறிலொரு பங்கு, அதாவது நான்கு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகை, அவரைச் சேர்ந்தது. பணத்தினும் பெரிது ஒன்று உண்டு: ஐரோப்பியச் சுற்றில் தகுதிப் போட்டி இன்றி ஆடும் உரிமை. அவ்வுரிமையற்றோர் ஆண்டுதோறும் தகுதித் தேர்வெழுதும் மாணவர் போல வரிசையில் நிற்க வேண்டியவர். 2011இல் அவந்தா மாஸ்டர்ஸ் போட்டியிலும் அவர் முதல்வரானார்.

ஈற்றில் 2016இல், அதே டில்லி மைதானத்தில், இந்தியத் திறந்த போட்டி அவர் வசமாயிற்று. அவ்வாண்டே றியோ ஒலிம்பிக் விழாவில் லாகிரியுடன் இந்தியாவின் சார்பில் ஆடினார். டில்லி மைதானத்தின் ஒடுக்கமே அவருக்குத் துணையென்று எண்ணியோர் இருந்திருப்பின், மறு ஆண்டு அவர்களுக்கு விடை கிடைத்தது. 2017இற் போட்டி குர்கானின் கடினமான மைதானத்துக்கு மாறியது. அங்கே மலேசியாவின் கவின் கிறீனை ஏழு அடிகளால் விஞ்சி, பட்டத்தை அவர் தக்கவைத்துக்கொண்டார். அர்ஜுனா விருதும் அவ்வாண்டு அவருக்கு வழங்கப்பட்டது.

சௌராசியா தனியொருவர் அல்லர். 1991இலும் 1993இலும் இந்தியத் திறந்த போட்டியை வென்ற அலி ஷேர், டில்லியில் மட்டைப்பை சுமந்தவர். 2009இல் அதனை வென்ற முனியப்பாவும் பெங்களூரில் அத்தொழிலே செய்தவர். கழகத்தின் உறுப்பினராக முடியாதவர்கள், உறுப்பினர் கனவிலுங் காணாத வெற்றியைப் பெற்றிருக்கின்றனர்.

நம் நாட்டிலும் இவ்வாட்டத்துக்கு நெடிய வரலாறு உண்டு. கொழும்பு கோல்ப் கழகம் 1879இல் காலிமுகத்திடலிலே தொடங்கியது. பின்னர் அது பொரளைப் பக்கம் மாறியது. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதம் இன்றும் அம்மைதானத்தின் ஊடாகவே செல்கின்றது. மிதுன் பெரேரா, தங்கராஜா, பிரபாகரன் முதலிய இலங்கையர் இந்தியச் சுற்றில் ஆடி வந்திருக்கின்றனர். சென்னைக்கோ புனேக்கோ புறப்படும் ஒவ்வொரு வாரமும், இரண்டாம் நாள் மாலை கிழிக்கப்படும் அக்கோடு அவர்களுக்கும் காத்திருந்தது.