மண்ணைச் சோதிக்கும் செலவு யாருடையது?

கல்லாற்றைக் கடந்து இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளையும் ஏறினால்தான் பொன்முடி. அங்குள்ள தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழும் நம்மவரைக் காணச் சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று போயிருந்தோம். தேநீர் அருந்தும் வேளையில் பெரியவர் ஒருவர் தம் கவலையைச் சொன்னார். அவர் மகளை இராணிப்பேட்டைப் பக்கம் கொடுத்திருக்கிறது. மருமகன் அங்கே மலிவாக வந்த மனை ஒன்றை வாங்க நினைக்கிறார். பக்கத்துக் கிணற்றிலோ தண்ணீர் மஞ்சளாக ஊறுகிறதாம்.

"தம்பி, நீங்கள் நாலு காகிதம் படிக்கிறவர். அந்த மண் நல்லதா கெட்டதா என்று யாரிடம் கேட்பது? சோதிக்கிற செலவுக்கு நான் எங்கே போவேன்?" என்றார்.

உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. ஓய்வு பெற்றதும் ஊரில் ஒரு துண்டு நிலம் வாங்கவேண்டும் என்பது நம்மில் பலருடைய கனவாதலால், பின்னர் அறிந்தவற்றை அன்பர்கள் அனைவருக்குமாக எழுதுகிறோம்.

இராணிப்பேட்டையில் தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்புக்களைச் செய்துவந்த ஆலை ஒன்று 1995 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆலை போயிற்று, ஆனால் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. அதிலுள்ள ஒருவகைக் குரோமியம் மழையில் கரைந்து, நிலத்தடி நீரை மஞ்சளாக்கும், தோலைப் புண்ணாக்கும், மூச்சில் கலந்தால் புற்றுநோய்க்கும் காரணமாகும். உலகில் மிகவும் மாசடைந்த பத்து இடங்களென்று நியூயார்க் நகரத்து நிறுவனம் ஒன்று 2006 இல் வெளியிட்ட பட்டியலில் இராணிப்பேட்டையும் இடம் பெற்றது.

கொடைக்கானலிலும் 2001 இல் இத்தகைய பிரச்சினை எழுந்தது. வெப்பமானி ஆலையின் பாதரசக் கழிவைப் பொதுமக்கள் கண்டுபிடித்துக் குரலெழுப்பினர். ஆலை மூடப்பட்டது. 2003 இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. அங்கே பொறுப்பேற்கச் செல்வமுள்ள உரிமையாளர் இருந்தார். மூடிப்போன கம்பெனியிடம் யார் போய்ப் பணம் கேட்பது?

நமது குட்ஸ் ஆபீசில் எடை போடாத மூட்டைக்கு ரசீது எழுதுவதில்லை. அதுபோல, மண்ணில் என்ன நஞ்சு, எவ்வளவு ஆழம், எந்தத் திசையில் பரவுகிறது என்று அளக்காமல் எவர்மீதும் பொறுப்பைச் சுமத்த முடியாது. முதலில் பழைய பதிவேடுகளைப் பார்த்தும், வேலை செய்த முதியவர்களைக் கேட்டும் கழிவு கொட்டிய இடத்தை அறிவார்கள். பின்பு துளையிட்டுப் பல ஆழங்களில் மண்ணும் நீரும் எடுத்துச் சோதிப்பார்கள். இது கூலி வாங்கும் குடும்பத்தின் கைக்கு எட்டாத செலவு. ஆகவே முதற் சோதனைக்கான பணம் பொதுப் பணத்திலிருந்து வரவேண்டும். குற்றவாளி அகப்பட்டால் அவனிடமிருந்து பிறகு வசூலித்துக் கொள்ளலாம்.

இது புதுமையான யோசனை அன்று. அமெரிக்காவில் நயாகரா அருவியின் அருகே, ரசாயனக் கழிவு புதைத்த இடத்தின்மேல் பள்ளிக்கூடமும் வீடுகளும் எழுந்திருந்தன. 1978 இல் அங்குள்ள தாய்மார்கள் போராடினார்கள். அதன் விளைவாக 1980 இல் சட்டம் பிறந்தது. ரசாயன, எண்ணெய்த் தொழில்கள்மீது வரி விதித்து நிதி ஒன்று திரட்டப்பட்டது. 2002 ஆம் ஆண்டுச் சட்டம், நிலத்தைச் சோதிப்பதற்கென்றே உள்ளூர் ஆட்சிகளுக்கு மானியம் வழங்க வகை செய்தது.

நம் நாட்டிலும் 2025 ஜூலையில் மத்திய அரசு மாசுற்ற நிலங்களுக்கான விதிகளை வெளியிட்டது. ஐயத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்; அவர் அகப்படாவிட்டால் அரசுகள் ஏற்கும். ஆனால் பட்டியலில் ஏறாத நிலத்துக்கு இவ்விதியால் பயனில்லை. விவரமறிந்த ஊர்கள் முந்திக்கொள்ளும். ஏழைகளின் தெருக்கள் பின்தங்கிவிடும்.

ஆதலின் அன்பர்களே, பழைய ஆலையருகே மலிவாக மனை வந்தால் பத்திரம் பதியுமுன் நின்று விசாரியுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி, அவ்விடத்து நீர்ச் சோதனை முடிவுகளை வாரியத்திடம் கேளுங்கள். தெருவாரெல்லாம் கையெழுத்திட்டுக் கலெக்டரிடம் மனுக் கொடுங்கள். எந்தக் குழியில் எதைக் கொட்டினார்கள் என்று அறிந்த முதிய தொழிலாளிகளின் வாக்குமூலத்தையும் எழுதிச் சேருங்கள். அவர்கள் மறைந்தால் அச்செய்தியும் மறைந்துபோகும்.

பொன்முடிப் பெரியவரின் மருமகனுக்காக இத்தகைய மனு ஒன்றை எழுதி அனுப்பியிருக்கிறோம். விடை வரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறோம். எழுதத் தெரியாத குடும்பத்தார் எவரேனும் இருப்பின் சங்கத்துக்கு வரட்டும். மனு எழுதித்தர நாம் காத்திருக்கிறோம்.