படகுக்கு வண்டி தேடுகிறீர்களா? முதலில் கீழே படுத்துப் பாருங்கள்

போன வருஷம் ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மாண்ட்ரியல் தீவின் மேற்குப் பக்கம், சென்ட் லூயி ஏரிக்கரை. நானும் இரண்டு நண்பர்களும் கூட்டுச் சேர்ந்து வாங்கிய 18 அடி பழைய அலுமினியப் படகைத் தண்ணீரிலிருந்து டிரெய்லரில் ஏற்றிக் கட்டிவிட்டோம். நண்பரின் ஏழு சீட் காரில் அதை மேலே இழுக்க வேண்டும், அவ்வளவுதான். கான்கிரீட் சரிவு முழுக்கப் பாசி. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் கார் முன்னே போகவில்லை. முன்சக்கரங்கள் சும்மா சுற்றின. மெல்லப் பின்னால், ஏரியை நோக்கி, ஓரடி வழுக்கியது. பின் சீட்டில் என் ஆறு வயது மகள் இருந்தாள்.

ஓரடிதான். பிரேக் பிடித்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒருவர் தன் பிக்கப் டிரக்கில் பட்டை கட்டி எங்களை மேலே இழுத்துவிட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் கை நடுங்கியது.

நடந்ததற்குக் காரணம் எளிய இயற்பியல். மேல்நோக்கி நிற்கும் வண்டியின் எடை பின்சக்கரங்களுக்குப் போய்விடும். பின்னால் கொக்கியில் டிரெய்லர் வேறு அழுத்துகிறது. முன்சக்கரம் மட்டும் இழுக்கிற கார் என்றால், எந்தச் சக்கரம் இழுக்க வேண்டுமோ அதற்கே பிடிமானம் இருக்காது. இன்ஜினியரிங் படித்தவனுக்கு இது முன்கூட்டியே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அன்று இரவே பழைய பெரிய எஸ்.யூ.வி. அல்லது டிரக் தேட ஆரம்பித்தேன். கேட்ட இடமெல்லாம் ஒரே பேச்சு: "வி-8 எஞ்சின் எடு, 9,000 பவுண்டு இழுக்கும்." நம்ம ஊர்க் கடற்கரையில் ஃபைபர் படகை டிராக்டர் மணலில் இழுத்து ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தப் பேச்சு சரியாகத்தான் பட்டது. ஆனால் டிராக்டர் ஐம்பது மீட்டர் இழுத்துவிட்டு நின்றுவிடும். இங்கே அதே படகோடு நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில், லாரிகளுக்கு நடுவே போக வேண்டும். முன்னால் போகிறவர் திடீரென்று நிறுத்தினால் நாமும் நிறுத்த வேண்டும். வேகம் 80-லிருந்து 100 ஆனால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும். எஞ்சின் பெருமை பேசும் யாரும் இதைச் சொல்லவில்லை.

எடை மேடை சொன்ன உண்மை

படகின் விவரக் குறிப்பில் எடை 590 கிலோ. நாங்கள் அதையே நம்பியிருந்தோம். பிறகு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். 115 குதிரைத்திறன் மோட்டார் 165 கிலோ. 115 லிட்டர் பெட்ரோல் 85 கிலோ. இரண்டு பேட்டரி 50. நங்கூரம், லைஃப் ஜாக்கெட், ஐஸ் பெட்டி, தூண்டில் சாமான்கள் 80. டிரெய்லர் மட்டும் 350. மொத்தம் 1,320 கிலோ. லாரி எடை மேடையில் ஏற்றிப் பார்த்தபோதும் ஏறக்குறைய அதுதான் வந்தது. நாங்கள் நினைத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

கியூபெக் சட்டப்படி, சுமையோடு சேர்த்து 1,300 கிலோ அல்லது அதற்கு மேல் எடையுள்ள டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்க வேண்டும். எங்கள் டிரெய்லரில் பிரேக் இருந்தது, பெயருக்கு. படகு டிரெய்லர்களில் பொதுவாக வருவது ஹைட்ராலிக் பிரேக். முன்னால் போகும் வண்டி வேகம் குறைத்ததும் டிரெய்லர் கொக்கியை முட்டும், அந்த அழுத்தமே பிரேக்கைப் பிடிக்கும். மூடியைத் திறந்து பார்த்தால் ஆயில் தொட்டி வறண்டு கிடந்தது. ஒரு சீசன் முழுக்க 1,320 கிலோவையும் காரின் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டியிருக்கிறோம்!

அடுத்தது ஓட்டுநர் கதவோரத்தில் இருக்கும் ஸ்டிக்கர். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் இருக்கும். விளம்பரத்தில் வரும் இழுவைத் திறனைவிட இந்த எண் முக்கியம். ஏனென்றால் இழுவைத் திறனைக் கணக்கிடும்போது வண்டியில் ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். நம்ம குடும்பம் என்றைக்கு இரண்டு பேரோடு ஏரிக்குப் போயிருக்கிறது? எங்கள் கணக்கு இது: நான்கு பெரியவர், இரண்டு குழந்தைகள் 340 கிலோ. சாப்பாடு, துணிப்பைகள் 60. டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கி வழியாக வண்டி மேல் இறங்கும், அது 132. ஆக 532 கிலோ. நண்பரின் கார் ஸ்டிக்கரில் இருந்த எண் 460.

கொக்கியில் பாரம் அதிகமாக இருக்கிறதே என்று சாமான்களைப் படகின் பின்பக்கம் தள்ளினால் அது இன்னொரு ஆபத்து. முன்பாரம் குறைந்த டிரெய்லர் வேகமாகப் போகும்போது வால் போல ஆட ஆரம்பிக்கும்.

இன்னொரு விஷயம். இழுவைத் திறனை அளக்க ஜே-2807 என்று ஒரு பொதுத் தரம் இருக்கிறது. டொயோட்டா 2011 மாடல்களிலிருந்தே அதைப் பின்பற்றியது. மற்ற பெரிய நிறுவனங்கள் சில வருஷம் கழித்துத்தான் வந்தன. அதற்கு முந்தைய வண்டிகளில் ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த அளவுகோலில் எண் போட்டது. எனவே 2009 மாடல் ஒன்றின் எண்ணையும் 2016 மாடல் ஒன்றின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

"உதை நம்பிப் பிள்ளையை ஏத்துவீங்களோ?"

ஜூலையில் ஒரு டிரக் கிடைத்தது. பத்து வயசு. பெயிண்ட் பளபளவென்று இருந்தது, தோல் சீட், 14,000 டாலர். ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி போனது. மறுநாளே பணம் கொடுப்பதாக இருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வல்வெட்டித்துறைக்காரர், இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் நேராகப் போய் பானெட்டைத் திறந்தேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"தம்பி, எஞ்சினைப் பிறகு பாப்பம். முதல்ல கீழ படுத்துப் பாருங்கோ."

படுத்தேன். சேஸிஸ் முழுக்கப் புதுசாகக் கறுப்புப் பூச்சு. "நல்லாத்தானே இருக்கு அண்ணை?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. சின்னச் சுத்தியலால் முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். ஸ்டெப்னி தொங்குகிற இடத்துக்கு மேலே வந்ததும் சத்தம் மாறியது. பொத். இன்னொரு தட்டு. பூச்சு உதிர்ந்து, விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"கறள் தின்டுட்டுது. கொக்கி பூட்டிக் கிடக்கிறதும் இஞ்சதான். உதை நம்பிப் பிள்ளையை ஏத்துவீங்களோ?"

நாம் துரு என்பதை அவர்கள் கறள் என்பார்கள். மாண்ட்ரியலில் பழைய வண்டி வாங்குகிறவருக்கு இந்த ஒரு சொல் தெரிந்தால் போதும். குளிர்காலம் முழுக்கச் சாலையில் கொட்டும் உப்பு, பனி நீரில் கரைந்து சேஸிஸின் உள்கூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. வெளியிலிருந்து தெரியாது, உள்ளிருந்தே அரிக்கும். பின்கோடி, ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம், பிரேக் ஆயில் குழாய்கள், பெட்ரோல் குழாய் எல்லாம் அங்கேதான் போகின்றன. படகின் பாரம் முழுக்கத் தொங்குவதும் அந்தப் பின்கோடியில்தான்.

நல்ல கம்பெனி வண்டி என்றால் பயமில்லை என்று சொல்வார்கள். நீடித்து உழைப்பதற்குப் பெயர் வாங்கிய டொயோட்டாவே, தன் டக்கோமா, டன்ட்ரா டிரக்குகளிலும் செக்வோயா எஸ்.யூ.வி.யிலும் சேஸிஸ் துருப்பிடித்த வழக்கில் 2016-ல் அமெரிக்காவில் 340 கோடி டாலர் வரை மதிப்புள்ள சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. 2015-லிருந்து ஃபோர்டு எஃப்-150க்கு உடம்பு அலுமினியம், துருப்பிடிக்காது. ஆனால் அடியில் இருக்கும் சேஸிஸ் எஃகுதான். மேலே எவ்வளவு பளபளப்போ, அவ்வளவு கவனமாகக் கீழே பார்க்க வேண்டும்.

சட்டம் பார்த்துக்கொள்ளாது

அந்த டிரக்கை நான் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது, அதுதான் பிரச்சினை. பக்கத்து மாகாணமான ஒன்டாரியோவில் பழைய வண்டியைப் புதிய உரிமையாளர் பெயரில் பதிந்து சாலையில் ஓட்ட, பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். கியூபெக்கில் ஏற்கெனவே பதிவான வண்டியை ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் அப்படி எந்தப் பரிசோதனையும் கட்டாயமில்லை. வெளி மாகாணத்திலிருந்து வரும் வண்டிக்குத்தான் கட்டாயம். கையெழுத்துப் போட்டு, 9.975 சதவீத விற்பனை வரி கட்டினால் வண்டி உங்களுடையது. ஓட்டை விழுந்த சேஸிஸும் உங்களுடையது.

கடன் விஷயமும் அப்படித்தான். நம்ம ஊரில் ஆர்.சி. புக்கைப் பார்த்தாலே வண்டி மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இங்கே பதிவுச் சான்றில் அது இருக்காது. ஆர்.டி.பி.ஆர்.எம். என்ற அரசுப் பதிவேட்டில் வண்டி எண்ணைப் போட்டு நாமே தேட வேண்டும். தேடாமல் வாங்கினால், பழைய உரிமையாளரின் கடனுக்காக நம்மிடமிருந்து வண்டி போகலாம்.

என் கருத்து இதுதான்: இத்தனை உப்பு கொட்டும் மாகாணத்தில், பத்து வயசான வண்டி கைமாறும்போது அடிப்பகுதியை ஒரு முறையாவது பரிசோதிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். புதிதாக வந்த, கையில் காசு குறைவான குடும்பங்களுக்கு அது கூடுதல் செலவு என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இன்றைக்கு அழுகிய வண்டி தலையில் கட்டப்படுவதும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான். சட்டம் வரும்வரை, வண்டியை லிஃப்டில் தூக்கிப் பார்க்க மெக்கானிக்குக் கொடுக்கும் கூலி ஒரு நல்ல டயரின் விலையைத் தாண்டாது. விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

டிரக்கா, எஸ்.யூ.வி.யா?

அடிப்பகுதி தேறிய பிறகு வரும் கேள்வி இது. நான்கு கதவு பிக்கப் என்றால் நீளம் கிட்டத்தட்ட 5.9 மீட்டர். சக்கரங்களுக்கு இடைத்தூரம் அதிகம், டிரெய்லர் ஆட்டத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் மாண்ட்ரியல் தெருவில், பனி அள்ளும் சைரன் கேட்டதும் ஓடிப்போய் வேறு இடம் தேடும் நமக்கு 5.9 மீட்டர் இடம் எளிதில் கிடைக்காது. டாஹோ மாதிரி எஸ்.யூ.வி. சுமார் 5.2 மீட்டர், குழந்தைகளுக்கு மூன்றாம் வரிசையும் உண்டு. எங்கள் 1,320 கிலோவுக்கு அது தாராளம். இதைவிடச் சின்னப் படகு, நான்கு பேர் குடும்பம் என்றால் 5,000 பவுண்டு இழுக்கும் நடுத்தர வண்டியே போதும். தேவையில்லாமல் பெரிய வண்டி வாங்கி வருஷம் முழுக்கப் பெட்ரோலுக்கு அழ வேண்டாம். 4 லிட்டரும் அதற்கு மேலும் உள்ள எஞ்சினுக்குப் பதிவுக் கட்டணமும் இங்கே கூடுதல்.

எஞ்சினிலும் பார்க்க வேண்டியது உண்டு. ஃபோர்டின் பழைய 5.4 லிட்டர், மூன்று வால்வு எஞ்சினில் ஸ்பார்க் பிளக் உள்ளேயே உடைவது ஊரறிந்த கதை. ஜி.எம். வி-8களில் பெட்ரோல் சேமிக்கப் பாதி சிலிண்டரை நிறுத்தும் அமைப்பு, வால்வு லிஃப்டர்களைக் கெடுப்பதும் அப்படியே. எனவே எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து, டிக் டிக் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். கியர் ஆயிலின் நிறமும் வாசனையும், கொக்கிக்குப் பக்கத்தில் ஏழு முனை பிளக்கின் பச்சைப் பூப்பும் பழைய கதை சொல்லும். ஹேண்ட் பிரேக்கை ஒரு சரிவில் நிறுத்தி இழுத்துப் பாருங்கள். பலர் மறக்கும் பிரேக் அதுதான், படகுச் சரிவில் முதலில் தேவைப்படுவதும் அதுதான்.

அக்டோபரில் 2017 மாடல் எஸ்.யூ.வி. ஒன்று கிடைத்தது. பெயிண்டில் கீறல்கள், சீட்டில் நாய் முடி. ஆனால் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அடியில் எண்ணெய் பூச்சு அடித்ததற்கான ரசீதுகள் ஒரு கவரில் பத்திரமாக இருந்தன. அண்ணை கோடிக்குக் கோடி தட்டினார். கடைசிவரை டங்தான். "ஓம், இதை எடுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் பானெட்டைத் திறந்தார்.

இந்த மே மாதம் அதே ஏரி, அதே பாசி. டிரெய்லர் பிரேக்கைப் புதுப்பித்தாகிவிட்டது. நான்கு சக்கர இழுவை, தாழ் கியர். படகு எந்தச் சத்தமும் இல்லாமல் மேலே வந்தது. எங்கள் குழுவில் இப்போது ஒரு விதி இருக்கிறது: சரிவில் வண்டி நிற்கும்போது ஓட்டுநரைத் தவிர யாரும் உள்ளே இருக்கக்கூடாது. மகள் புல்வெளியில் நின்று, சலித்துப்போய், "இன்னும் எவ்வளவு நேரம்பா?" என்று கத்தினாள்.