உங்களுக்குத் தெரியுமா? கட்டிலருகே நிற்கும் பெட்டிகள்

ஆஸ்பத்திரியில் டொக்டரைத் தெரியும், மிஸ்ஸியைத் தெரியும், வாசலில் மறிக்கிற காவலாளியைக்கூடத் தெரியும். கட்டிலருகே கீச்சிடும் பெட்டியைத் தெரிவுசெய்து, பொருத்தி, அளவு சரிபார்த்து, பழுதானால் திருத்துகிறவரை எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய துறைக்குப் பெயர் உயிர்மருத்துவப் பொறியியல். இம்முறைத் துணுக்குகள் அந்தப் பக்கத்திலிருந்து.

● இலங்கையில் மேலைத்தேய மருத்துவக் கல்வி தொடங்கிய இடம் கொழும்பு அல்ல, மானிப்பாய். 1847இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அடுத்த ஆண்டே மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். கொழும்பு மருத்துவக் கல்லூரி வந்தது 1870இல்தான். பாடநூல்களையும் தமிழில் தந்த கிறீன் 1884இல் காலமானார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதோ 1895இல். உடம்பைத் திறக்காமல் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய அவருக்கு விரலும் காதும்தான் துணை.

● மேற்கு நாடுகளில் செய்த பழைய செயற்கைக் கால்கள் சப்பாத்தை நம்பியே செய்யப்பட்டவை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற, நல்லூர் வீதியில் வெறுங்காலோடு நடக்கிற, சப்பாணி கட்டிச் சாப்பிடுகிற, வயல் சேற்றில் இறங்குகிற நமக்கு அவை சரிவராது. 1968இல் ஜெய்ப்பூரில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து இதற்கு வழி கண்டார்கள். உள்ளே மரமும் மெத்தென்ற றப்பரும், வெளியே சூட்டில் இறுக்கிய றப்பருமாக ஒரு பாதம். அதை மாட்டிக்கொண்டு குந்தலாம், ஈரத்தில் நடக்கலாம், பழகியவர் மரம்கூட ஏறலாம்.

யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இயங்குகிறது. போரும் மிதிவெடியும் அதற்குக் கொடுத்த வேலையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் அந்த வேலையின் நுட்பம் பலருக்குத் தெரியாது. எஞ்சிய காலில் நனைத்த பிளாஸ்டர் துணியைச் சுற்றி முதலில் அச்செடுப்பார்கள். அந்த அச்சுக்குள் பிளாஸ்டர் வார்த்தால் காலின் நகல் கிடைக்கும். பாரம் தாங்கக்கூடிய சதைப்பிடிப்பான இடங்களில் நகலைச் சுரண்டி ஒடுக்குவார்கள். எலும்பு முட்டுகிற இடங்களில் பிளாஸ்டர் பூசித் தடிப்பாக்குவார்கள். இதில் சில மில்லிமீற்றர் பிசகினாலும் தோல் புண்ணாகிவிடும். புண் வந்தால் எவ்வளவு நல்ல காலும் மூலையில்தான் கிடக்கும். வளர்கிற பிள்ளை என்றால் திரும்பத் திரும்ப அளவெடுத்து மாற்றவேண்டும். கணினியும் முப்பரிமாண அச்சும் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் இந்தச் சுரண்டும் கைப்பழக்கத்தின் மேல் என் மதிப்பு குறையவில்லை.

● பற்றரியில் இயங்கும் இதய முடுக்கி பிறந்ததற்கு ஒரு மின்வெட்டே காரணம். 1957 ஒக்ரோபர் 31ஆம் திகதி அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மின்சாரம் நின்றது. சுவர் மின்சாரத்தில் இயங்கிய முடுக்கியை நம்பியிருந்த ஒரு குழந்தை இறந்தது. அங்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கருவிகள் திருத்திக்கொடுத்துவந்த ஏர்ள் பக்கன் சில கிழமைகளுக்குள் கழுத்தில் தொங்கவிடக்கூடிய சிறு பெட்டியைச் செய்து கொடுத்தார். 1990க்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட நமக்கு இந்தக் கதை நன்றாக விளங்கும். நமக்கு டோர்ச் பற்றரியும் போர்க்காலத் தடைப்பட்டியலில் அல்லவா இருந்தது!

● சிறுநீரகம் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவருக்கு ஒரு தடவைக்குத் தேவையான தண்ணீர் எவ்வளவு? இயந்திரத்துக்குள் நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை லீற்றர் கரைசல் ஓடும். நான்கு மணித்தியாலத்துக்கு 120 லீற்றர். அந்தத் தண்ணீருக்கும் நோயாளியின் இரத்தத்துக்கும் நடுவே இருப்பது மெல்லிய சவ்வு மட்டுமே. குடிக்கிற தண்ணீரில் உள்ள கழிவைக் குடலும் ஈரலும் வடிகட்டும். இங்கே அந்தக் காவல் கிடையாது.

இனி நம் யாழ்ப்பாணக் கிணற்றைப் பாருங்கள். சுண்ணக்கல்லில் ஊறிய தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது கல்சியம். அது அப்படியே இயந்திரத்துக்குள் போனால் நோயாளிக்குத் தலையிடி, சத்தி, இரத்த அழுத்த ஏற்றம் எல்லாம் வரும். தோட்டங்களுக்கு இடும் உரத்தாலும் மலக்குழிகளாலும் சேரும் நைத்திரேற்று இன்னொரு தொல்லை. அது இரத்தம் ஒட்சிசனைக் காவுகிற சக்தியைக் கெடுக்கும். ஆகவே சுத்திகரிப்பு அறைக்குப் பின்னால் இன்னொரு அறை இருக்கும். அங்கே மென்னீராக்கி, கரி வடி, பிறகு உயர் அழுத்தத்தில் சவ்வு வழியே தண்ணீரைத் தள்ளும் தொகுதி. நோயாளியின் உறவினர்கள் எட்டிப் பார்க்காத அந்த அறை நின்றால் முன்னறையும் நின்றுவிடும்.

● விரல்நுனியில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசன் அளவைப் பார்க்கும் ஒக்சிமீற்றரின் தத்துவத்தைக் கண்டவர் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயகி. காலம் 1970களின் தொடக்கம். நகச்சாயம் பூசியிருந்தால் அழித்துவிட்டு மாட்டுங்கள். கை குளிர்ந்திருந்தாலும் கணக்குப் பிழைக்கும். இன்னொன்று: கறுத்த தோலில் இது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு சொன்னது. எண் நன்றாக இருக்கிறதே என்று மூச்சுத் திணறுகிறவரை வீட்டில் வைத்திருக்கவேண்டாம்.

● கண்புரை அகற்றியபின் வைக்கும் லென்ஸுக்கு வழிகாட்டியவர்கள் உலகப் போர் விமானிகள். நொருங்கிய விமானக் கூரையின் பேர்ஸ்பெக்ஸ் துண்டுகள் அவர்களுடைய கண்ணுக்குள் கிடந்தும் பெரிய பாதிப்பைத் தராததைக் கவனித்த லண்டன் மருத்துவர் ஹரோல்ட் றிட்லி, 1949இல் முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். நெடுங்காலம் விலை எட்டாக்கனி. 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஒரோலாப் லென்ஸ் செய்யத் தொடங்கிய பிறகு, நூறு டொலருக்கு மேல் விற்றது பத்து டொலருக்குக் கீழே வந்தது.



● உயர்தரத்தில் ‘பயோ’ எடுத்தால்தான் ஆஸ்பத்திரி என்று யார் சொன்னது? மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் பட்டம் உண்டு. அதற்கு வழி கணிதப் பிரிவு. சுகாதார அமைச்சின் கீழ் உயிர்மருத்துவப் பொறியியலுக்கென்றே தனிப் பிரிவும் இயங்குகிறது.

● கடைசியாக, புலம்பெயர்ந்த உறவுகளுக்கு. நன்கொடையாகப் போகும் மருத்துவ இயந்திரங்களில் சில நாடுகளில் 10 முதல் 30 சதவீதம்தான் உண்மையில் வேலைக்கு வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் முன்பு எழுதியது. கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கொள்கலனில் ஏற்றி, சுங்கத்தில் மீட்டு, படமெடுத்து மாலை போட்டபிறகு இது தெரியவந்து பயனில்லை. ஆகவே காசு சேர்க்க முன்னரே ஆஸ்பத்திரியைக் கேளுங்கள்: எந்த மொடல் வேண்டும், உதிரிப்பாகமும் ஒருமுறைப் பாவனைப் பொருட்களும் கொழும்பில் கிடைக்குமா, திருத்துகிறவர் யார்? புது இயந்திரத்துக்குப் பதில் பழையதற்கு ஒரு உதிரிப்பாகம் போதும் என்று சொன்னால், மனம் சுருங்காமல் அதையே வாங்கி அனுப்புங்கள்.