கடிதம் வந்தது, எழுத்து வரவில்லை!

அண்ணனூர்ப் பக்கத்தில் பிள்ளையோ பெண்ணோ சீமையில் இருக்கும் வீடுகள் எத்தனையோ! இன்று கைப்பேசியில் முகம் பார்த்தே பேசிவிடுகிறார்கள். 1995 ஆகஸ்டு 15-ந் தேதி விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணைய வசதியைத் திறந்துவிட்ட காலத்தில், மின்னஞ்சலே பெரிய அதிசயம். ஆனால், ஆசையோடு தமிழ்க் கடிதத்தைத் திறந்தால் கொக்கியும் கோடும் புள்ளியுமாக ஏதோ மந்திர யந்திரம் போல் இருக்கும்! எழுதியவர் மேல் தப்பா? படித்தவர் மேல் தப்பா? இரண்டும் இல்லை.

அண்ணனூர்வாசிகளுக்கு இதை விளக்குவது சுலபம். அந்நாளில் ஊர் வழியே ஓடிய மின்ரயில், கடற்கரை – தாம்பரம் மீட்டர் பாதையில் ஏற முடியாது. இங்கே தண்டவாள இடைவெளி 1.676 மீட்டர், அங்கே ஒரு மீட்டர். வண்டியும் நல்ல வண்டி, பாதையும் நல்ல பாதை. அளவுதான் ஒத்துப் போகவில்லை!

டப்பா ஒன்று, பொடி வேறு

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். மின்னஞ்சலுக்கு 1982-ல் வகுத்த விதிகள் 128 எண்களோடு நின்றுவிட்டன. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்கு எழுத்துரு செய்தவர்கள் அவரவர் சௌகரியப்படி எண்களைப் பங்கிட்டார்கள். ஒருவருடைய 'க' இருந்த இடத்தில் இன்னொருவர் 'ண'வை வைத்தார். பலர் 128-க்கு மேற்பட்ட இடங்களையும் பிடித்தார்கள். வழியில் கடிதத்தை வாங்கி அனுப்பும் 'சர்வர்' என்ற யந்திரத் தபாலாபீஸ்களில் சில, அந்த மேல் எண்களை வெட்டிவிட்டன.

வெட்டுப்படாமல் அனுப்பவும், 'இது இன்ன எழுத்து' என்று சீட்டு ஒட்டவும் 1992-ல் ஓர் ஏற்பாடு வந்தது. ஆனால் நம் எழுத்துருக்களுக்கு அங்கீகாரம் பெற்ற சீட்டு ஏது? அஞ்சல் நிரல்கள் ஏதோ ஓர் ஐரோப்பியச் சீட்டை ஒட்டி அனுப்பின. காப்பிப் பொடி டப்பாவில் சாம்பார் பொடி!

இந்த வழக்கைத் தீர்க்கக் கடல் கடந்த தமிழர்கள் பலர் உழைத்தார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்தார். சுவிட்சர்லாந்தில் டாக்டர் கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைக் கொடுத்தார். 1997-ல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடுகள் கூடின. கடைசியில் உலகத்துக்கெல்லாம் பொதுவான யூனிகோட் முறை நிலைத்தது. அதில் 'அ'வுக்கு எண் 2949. டோக்கியோவானாலும் டொராண்டோவானாலும் அதேதான்! 2010-ல் தமிழக அரசும் அதை ஏற்றது.

தூக்கி எறியாதீர்கள்!

புதுக் கடிதங்களுக்கு இப்போது கஷ்டம் குறைவு. பழைய கடிதங்களின் கதிதான் கவலைக்கிடம். மறைந்த தகப்பனார் எழுதியது, முதல் பேரன் பிறந்த செய்தி சொன்னது என்று எத்தனை பொக்கிஷங்கள் குப்பை என்று அழிக்கப்படுகின்றன! அழிக்குமுன் சற்று உற்றுப் பாருங்கள்.

வெறும் கட்டங்கள் தெரிந்தால் பெரும்பாலும் பயமில்லை. கடிதம் பத்திரமாக இருக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

தலையில் கீற்றுப் போட்ட ஆங்கில 'ஏ' அடிக்கடி அணிவகுத்தால், அது யூனிகோட் கடிதம், சீட்டுத்தான் மாறிவிட்டது. அஞ்சல் நிரலில் எழுத்து முறையை 'யூடிஎஃப்-8' என்று மாற்றினால் தமிழ் சிரிக்கும்.

ஒழுங்கற்ற ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்திருந்தால், அது பழைய எழுத்துரு. சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இதற்கென்றே பிறந்தவை. ஒரு முறை சரிப்படாவிட்டால் இன்னொன்றைத் தேர்ந்து பாருங்கள். மூலக் கடிதத்தை மட்டும் தொடாமல், நகல் எடுத்துப் பரீட்சை செய்வது உத்தமம்.

வரிக்கு வரி கேள்விக்குறிகளே இருந்தால், அந்தோ! பெரும்பாலும் எழுத்துக்கள் வழியிலேயே தொலைந்துவிட்டன என்று பொருள். அந்தப் பிரதியிலிருந்து மீட்க வழியில்லை. ஆனால் அனுப்பியவரிடம் அசல் இருக்கலாமே? கேட்டுப் பாருங்கள்.

திரும்பக் கிடைத்த கடிதத்தை யூனிகோடில் சேமியுங்கள். கையோடு காகிதத்திலும் ஒரு பிரதி அச்சிட்டு வையுங்கள். காகிதத்தைப் படிக்க எந்தச் சர்வருடைய தயவும் வேண்டாம். மூக்குக் கண்ணாடி போதும்!