பட்ட காலிலே படும்... ஒரே ஆண்டில் நண்பரையும் தாயையும் இழந்த ராக் பாடகர் என்ன செய்தார்?

2022 மார்ச் 25. கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் இசை விழா. அமெரிக்காவின் ‘ஃபூ ஃபைட்டர்ஸ்’ ராக் குழு எப்போது மேடையேறும் என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள். குழு வரவில்லை, செய்திதான் வந்தது. டிரம்ஸ் கலைஞர் டெய்லர் ஹாக்கின்ஸ் ஹோட்டல் அறையில் இறந்துவிட்டார். வயது 50. பாட்டு ஒலிக்க வேண்டிய மேடையில் அன்றிரவு மெழுகுவத்திகள் எரிந்தன.

அந்தத் துயரம் ஆறுவதற்குள் அதே ஆண்டில் அடுத்த அடி. குழுவின் தலைவரும் பாடகருமான டேவ் க்ரோலின் தாய் வர்ஜீனியா காலமானார். பட்ட காலிலே படும் என்பார்களே, அதுதான் நடந்தது. இந்த இரு மரணங்களிலிருந்து பிறந்ததுதான் 2023 ஜூன் 2 அன்று வெளியான ‘பட் ஹியர் வி ஆர்’ ஆல்பம்.

யார் இந்த டேவ் க்ரோல்?

க்ரோல் அடிப்படையில் டிரம்ஸ் கலைஞர். 1990-ல் ‘நிர்வாணா’ குழுவில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு வெளியான ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் உலகையே புரட்டிப் போட்டது. ஆனால், 1994 ஏப்ரலில் அந்தக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் 27 வயதில் இறந்தார். அத்தோடு நிர்வாணாவும் முடிந்தது.

இசையே வேண்டாம் என்று சில மாதங்கள் ஒதுங்கியிருந்த க்ரோல், அதே ஆண்டு அக்டோபரில் சியாட்டிலில் ஒரு ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார். டிரம்ஸ், கிட்டார், பேஸ், குரல் என ஏறக்குறைய எல்லாவற்றையும் தானே வாசித்து, ஒரு வாரத்தில் ஓர் ஆல்பத்துக்கான பாடல்களைப் பதிவு செய்தார். தனி ஆள் என்று தெரியக் கூடாது என்பதற்காக, குழுவின் பெயர்போல ஒலிக்கும் ‘ஃபூ ஃபைட்டர்ஸ்’ என்ற பெயரை வைத்தார். அப்புறம்தான் ஆட்களைச் சேர்த்து உண்மையான குழுவாக்கினார். 1997-ல் வந்து சேர்ந்தவர் ஹாக்கின்ஸ்.

அதன் பிறகு 25 ஆண்டுகள் க்ரோல் முன்னால் நின்று பாடினார். பின்னால் டிரம்ஸில் ஹாக்கின்ஸ். இருவரையும் இணைத்ததில் பழைய ராக் இசைக்குப் பெரிய பங்கு உண்டு. ஹாக்கின்ஸுக்கு ‘குயீன்’, ‘ரஷ்’ என்றால் உயிர். க்ரோலுக்கு ‘லெட் செப்பலின்’.

வெம்ப்ளியில் என்ன நடந்தது?

2022 செப்டம்பர் 3 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஹாக்கின்ஸுக்கு அஞ்சலி இசை நிகழ்ச்சி. பால் மெக்கார்ட்னி வந்தார். குயீன் குழுவின் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் வந்தனர். 2020-ல் தங்கள் டிரம்ஸ் கலைஞர் நீல் பியர்ட்டைப் பறிகொடுத்த ரஷ் குழுவின் கெடி லீ, அலெக்ஸ் லைஃப்சன் இருவரும் சேர்ந்து மேடையேறினர். அவர்களுக்கு டிரம்ஸ் வாசித்தவர்களில் க்ரோலும் ஒருவர்.

ஒரு பாடலைத் தொடங்கிய க்ரோல், பாட முடியாமல் உடைந்து அழுதார். கடைசியில் ஹாக்கின்ஸின் 16 வயது மகன் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தபோது மைதானமே கலங்கியது.

“சரி, குழு இனிமே இருக்குமா?” என்பதுதான் எல்லோர் மனதிலும் இருந்த கேள்வி. டிசம்பர் 31 அன்று பதில் வந்தது. தொடர்ந்து வாசிப்போம், ஆனால் இனி வேறொரு குழுவாகத்தான் இருப்போம் என்று அறிவித்தார்கள்.

அப்படி என்னதான் இருக்கு இந்த ஆல்பத்துல?

மொத்தம் 10 பாடல்கள். தயாரிப்பில் குழுவுடன் கைகோத்தவர் கிரெக் கர்ஸ்டின். அட்டை முழுக்க வெள்ளை.

முக்கியமான விஷயம், டிரம்ஸ் வாசித்தது யார் என்பது. வெளியிலிருந்து யாரையும் அழைக்கவில்லை. எல்லாப் பாடல்களுக்கும் க்ரோலே வாசித்தார். 1994-ல் ஒரு நண்பரை இழந்தபோது செய்ததையே 29 ஆண்டுகள் கழித்தும் செய்தார். ஒரே வித்தியாசம், அன்று அவர் தனியாள். இன்று பக்கத்தில் குழு இருந்தது. சுற்றுப்பயணத்துக்கான புதிய டிரம்ஸ் கலைஞராக ஜோஷ் ஃப்ரீஸ் அறிமுகமானது, ஆல்பம் வெளியாவதற்குச் சில நாள்கள் முன்புதான்.

முதல் பாடல் ‘ரெஸ்க்யூட்’ எடுத்த எடுப்பிலேயே அதிர்ச்சியைப் பேசுகிறது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் எல்லாம் முடிந்துபோகும் கணம் அது. ‘அண்டர் யூ’ துள்ளலான மெட்டு. காதில் விழுந்ததும் கால் தாளம் போடும். வரிகளைக் கவனித்தால்தான், நண்பனின் இழப்பை ஏற்க முடியாத ஒருவரின் புலம்பல் அது என்று புரியும். துக்க வீட்டில் பழைய கதை பேசிச் சிரித்துவிட்டு, அடுத்த நொடி அழுவோமே, அப்படி.

அம்மாவுக்கு ஒரு 10 நிமிடம்

வர்ஜீனியா க்ரோல் பள்ளி ஆசிரியை. விவாகரத்துக்குப் பிறகு மகனையும் மகளையும் தனியாளாக வளர்த்தவர். 17 வயதில் படிப்பை விட்டுவிட்டு இசைக்குழுவோடு ஊர் சுற்றக் கிளம்பிய மகனைத் தடுக்கவில்லை. ஓர் ஆசிரியைக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! பின்னாளில், கெடி லீ, எமி வைன்ஹவுஸ் போன்ற இசைக் கலைஞர்களின் அம்மாக்களைச் சந்தித்துப் பேசி 2017-ல் ஒரு புத்தகமும் எழுதினார்.

ஆல்பத்தின் ஒன்பதாவது பாடலின் பெயர் ‘தி டீச்சர்’. சுமார் 10 நிமிடம் ஓடுகிறது. பழைய ராக் ஆல்பங்களில் வரும் நெடும்பாடல்கள் போல, மெதுவாகத் தாழ்ந்து, திடீரென்று எழுந்து, மறுபடி தாழ்கிறது. கடைசியில் விடைபெறும் குரலை இரைச்சல் விழுங்கிவிடுகிறது. சமாதானமாக முடித்துவைக்க க்ரோல் முயலவில்லை.

இன்னொரு பாடலான ‘ஷோ மீ ஹவ்’-ல் க்ரோலுடன் சேர்ந்து பாடுபவர் அவருடைய மகள் வயலெட். அம்மாவை இழந்த மகனும், பாட்டியை இழந்த பேத்தியும் ஒரே மைக்கில் வந்து சேரும் இடம் அது. தலைமுறை ஒன்று போகிறது, இன்னொன்று பாட வருகிறது. நிறைவுப் பாடல் ‘ரெஸ்ட்’ முணுமுணுப்பாகத் தொடங்கி, இடிபோல வெடித்து, பிறகு அடங்குகிறது.

ஏன் பேசப்படுகிறது?

2024 கிராமி விருதுகளில் சிறந்த ராக் ஆல்பம் பிரிவில் இது பரிந்துரைக்கப்பட்டது. விருது கிடைக்கவில்லை. ஆனால் அதைத் தாண்டியும் இந்த ஆல்பத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. “காலம் எல்லாத்தையும் ஆத்திடும்” என்ற வழக்கமான ஆறுதலை இது சொல்வதில்லை. கோபம், மறுப்பு, ஏக்கம், களைப்பு எல்லாம் வரிசை தெரியாமல் வந்து மோதுகின்றன. துக்கம் என்பது நிஜத்தில் அப்படித்தானே இருக்கிறது?

ஆல்பத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘ஆனாலும் இங்கேதான் இருக்கிறோம்’ என்று வரும். போனவர்கள் போய்விட்டார்கள். இருப்பவர்களுக்கு மறுநாள் விடிகிறது. டிரம்ஸ் குச்சியை யாராவது எடுத்துத்தான் ஆக வேண்டும். க்ரோல் எடுத்தார்.